எல்லோருக்கும் வந்த வாடை

சண்டை என்றால் முதல் ஆளாக ஓடிவந்து, சாப்பாட்டுக்கு மட்டும் நாலு தடவை கூப்பிட வைத்த என் தேவா அண்ணனுக்கு,

அமுலுதான் எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. போனில் நான் கத்துவேன், நீ பதிலுக்குக் கத்துவாய், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும். இப்போது கத்தினால் கேட்க நீ இல்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்களும் கேட்க வேண்டிய விஷயம் இது.

முதலில் என் சேதி. எனக்கும் டிபி வந்துவிட்டது. சாதா மாத்திரைக்கு அடங்காத, உனக்கு வந்த அதே வகை. அப்பா வீட்டை உனக்கு எழுதிவைத்தார், நீ கிருமியை எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். "யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் சொன்னார். சொல்ல முடியாதாம். எனக்குச் சந்தேகம் உன் மேல்தான்.

பயப்படாதே. சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். ஒரு மாத்திரை தோலைக் கருக்கும் என்று முன்னாடியே எச்சரித்தார்கள். இனிமேல் கருக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன், டாக்டரே சிரித்துவிட்டார்.

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். பொன்னேரி ரோட்டு எடைமேடையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு லாரி வரும்போது கேபினுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் நிரம்பியிருக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலி எடைக்கு ஏறும்போது டிரம்மும் காலியாக இருக்கும், அந்தத் தண்ணீரும் இரும்பு எடையில் சேர்ந்துவிடும். கேட்டால் "வெயிலுக்கு குடிச்சிட்டோம்க்கா" என்பான். இருநூறு லிட்டரையுமா? நீயே டிரெய்லர் ஓட்டியவன், "என் தங்கச்சிகிட்ட மட்டும் வாலாட்டாதீங்கடா" என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவாய். அப்படிப்பட்ட நான் உன் வாடையை மட்டும் எடை போடாமல் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மணலி புதுநகரில் உன் வீட்டுக் கூடம். நீ புது மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நீ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாய்.

"இன்னாமே வாடை இது?"

"மீன் வாடைண்ணா."

"மீனு இல்ல. நல்லா இழுத்துப் பாரு. பெட்ரோல்ல பலாச்சுளைய ஊறப்போட்டா மாதிரி கீது."

இழுத்துப் பார்த்தேன். குழம்பு மணந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் "வாடை வரலை" என்று யார் சொல்லுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஊரோரம் புகைபோக்கி வைத்திருக்கிற கம்பெனியிலிருந்து பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒரு மிஷினோடு வந்து நிற்கிறவர்கள் சொல்லுவார்கள். நமக்குக் கண் எரிந்து, குழந்தைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நாளிலும் அந்த மிஷினைப் பார்த்துவிட்டு "எதுவும் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அதற்கப்புறம் இல்லை என்பது அவர்களுடைய வார்த்தையாகிவிட்டது. நம் தெருவில் ஒருத்தர் வாடை வருது என்றால் மற்றவர்களும் வருது என்பார்கள். வரலை என்று சொன்னால் கம்பெனியிடம் கைநீட்டியவன் என்று பேராகிவிடும்.

அதனால் நான் சொன்னேன்: "ஆமாண்ணா, லேசா வருது."

அண்ணியும் தலையாட்டினாள். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தட்டை மறுபடியும் இழுத்து முழுக் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டாய்.

மறுநாளிலிருந்து நீ சும்மா இல்லை. எதிர்வீடு, பக்கத்து வீடு, அடுத்த தெரு என்று இருமிக்கொண்டே போய்க் கேட்டாய். எல்லோருக்கும் வந்தது. ஒருத்தர் காலையில் வருது என்றார், ஒருத்தர் மோட்டார் போடும்போது வருது என்றார். ஒரு வாரத்தில் பலாச்சுளை வாடை என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். கம்பெனி மேல் மனு எழுதினீர்கள். முதல் கையெழுத்து உன்னுடையது. அண்ணி ஜன்னலில் ஈரத்துண்டு கட்டினாள், நான் என் பங்குக்கு காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கும் வருகிறது என்று சொன்னேன். பொய்தான் அடித்துவிட்டேன், அதுதான் உண்மை. அவ்வளவு தூரம் வாடை வந்தால் மனுவுக்கு வெயிட்டு கூடும் என்று நினைத்தேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த நாட்களில் வாடை மட்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கதவை மெதுவாகச் சாத்தினால் ஏன் மெதுவாகச் சாத்துகிறார் என்று கேட்டாய். அண்ணி போனில் பேசினால் யாரிடம் என்று கேட்டாய். முப்பது வருஷ தோஸ்து ஒருத்தரை, அவர் மச்சான் கம்பெனியில் காண்டிராக்டு எடுத்திருக்கிறார் என்பதற்காக வாசலோடு அனுப்பினாய். எங்களுக்கு அது எதுவுமே வித்தியாசமாகப் படவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அனுப்பியிருப்பேன்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் வித்தியாசமாகப் பட்டது. மாத்திரை கொண்டுவருகிற கலா சிஸ்டர். அவர் வந்து உன் காலி அட்டைகளைப் பார்த்தார், எடை பார்த்தார். தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு, யார் மேலாவது புதுசா சந்தேகம் வருதா என்று கேட்டார். நீ வாடையைப் பற்றிச் சொன்னாய். அவர் உன்னை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் வருதுங்களா?"

அண்ணி, "வருது சிஸ்டர்" என்றாள். நான், "தெருவுக்கே வருது. எங்க வூட்டு வரைக்கும் வருது" என்றேன். வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரர், "இன்னா சிஸ்டர், உங்களுக்கு மூக்கு இல்லியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

சிஸ்டர் போகவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்க. இவருக்கு வந்ததுக்கு முன்னாடி உங்க யாருக்காவது வந்துச்சா?" என்று மறுபடியும் கேட்டார். அப்போதுதான் நான் எழுந்தேன். "நீ மாத்திரை குடுக்க வந்தியா, கம்பெனிக்கு வக்காலத்து வாங்க வந்தியா?" என்று அவரிடம் கேட்டவள் நான்தான் அண்ணா. அந்தம்மா கார்டில் ஏதோ எழுதிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். சரியான கேள்வியைக் கேட்க வந்த ஒரே மனுஷியை நான் துரத்திவிட்டேன், நீ அதற்குச் சிரித்தாய்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு அதிசயம் நடந்தது. "வாடை நின்னுபோச்சு" என்று நீயே சொன்னாய். நன்றாகத் தூங்கினாய். தோஸ்தை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினாய். தெருவிலும் எல்லோருக்கும் வாடை நின்றுவிட்டது. மனு வேலை செய்துவிட்டது, கம்பெனிக்காரன் பயந்துவிட்டான் என்று முனைக்கடையில் எல்லோரும் டீ குடித்துக் கொண்டாடினோம். உன்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். நீ வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நீ இளைக்க ஆரம்பித்தாய். மாத்திரை சாப்பிட்டும் ஏன் இளைக்கிறான் என்று நாங்கள் டாக்டரைச் சந்தேகப்பட்டோம், மாத்திரையைச் சந்தேகப்பட்டோம். உன்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு காலை ரத்தமாக இருமினாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணியின் புடவை முழுக்க நனைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் முடிந்து பரணை ஒழித்தபோது உன் பழைய தார்ப்பாய்ச் சுருட்டுக்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டின. மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகக் கூடை நிறைய. அட்டையைக் காலி செய்து சிஸ்டரிடம் காட்டிவிட்டு, மாத்திரையை மட்டும் பரணில் போட்டிருக்கிறாய். கம்பெனிக்காரன் மாத்திரையில் எதையோ கலக்கிவிட்டான் என்று நினைத்தாயா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? என்னையும் சந்தேகப்பட்டாயா?

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். மாத்திரை போடாமல் தானாகச் செத்தான், கொழுப்பு. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். உன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

பிறகு எனக்கு வந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஐந்தாறு மாத்திரையை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஒரு கேப்சூலை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "இது சைக்ளோசெரின். நல்ல மருந்து. ஆனா சிலருக்கு மனசைக் குழப்பும். இல்லாத குரல் கேக்கும், இல்லாத வாடை வரும், கூட இருக்கிறவங்க மேலயே சந்தேகம் வரும். வந்தா மறைக்காதீங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. ஓடி வந்து சொல்லுங்க, மாத்திக்கலாம்."

இல்லாத வாடை. அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. உன்னிடமும் இதைச் சொன்னார்களா? சொல்லியிருந்தாலும் நீ எப்படி அதை மாத்திரை வாடை என்று நினைப்பாய்? இல்லாத வாடை என்றால் மற்றவர்களுக்கு வரக்கூடாது. உன் விஷயத்தில்தான் எல்லோருக்கும் வந்ததே.

ஆனாலும் நான் முழுசாக நம்பவில்லை. கம்பெனியைக் காப்பாற்ற டாக்டர்கூட ஏதாவது சொல்லுவார். மாத்திரை மேல் பழி போட்டுவிட்டால் புகைபோக்கிக்கு நல்லது. நான் அந்த கேப்சூலை விழுங்கினேன், டாக்டர் சொன்னதை மட்டும் விழுங்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு பகல். ஒரு லாரி எடைமேடையில் ஏறியது. டிரைவருக்கு வயசு ஐம்பதுக்கு மேல், அமைதியான ஆள். எனக்கு அவர் அமைதியாக இருந்ததே பிடிக்கவில்லை. டிரம்மைத் திறக்கச் சொன்னேன். காலி. கேபினை, டூல் பாக்ஸை, டயருக்குள் எல்லாம் பார்த்தேன். மறுபடியும் டிரம்மைத் திறக்கச் சொன்னேன். பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை சொன்னதும் அவர் இறங்கி வந்து, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அந்த நேரத்தில்தான் அது வந்தது அண்ணா. பெட்ரோல். பலாச்சுளை.

உனக்காக நான் சொன்ன பொய் என் மூக்குக்கே வந்துவிட்டது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். அப்பாடா, வாடை இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது, என் அண்ணன் சொன்னது உண்மை, அவனைக் கொன்றது கம்பெனிதான் என்று. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. நானும் அதே கேப்சூலைத்தானே விழுங்குகிறேன். எது என் சந்தேகம், எது மாத்திரையின் சந்தேகம்? பதினோரு வருஷமாகச் சந்தேகப்பட்டே சோறு தின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

அரைநாள் லீவு போட்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அமுலு, வேலைக்குப் போவல?"

நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. "அண்ணி, வாடை வருதா?" என்று கேட்டேன்.

"வருது, வருது. ஜன்னல சாத்தட்டா?" என்று எழுந்தேவிட்டாள்.

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. மூக்கால் ஒரு தடவை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை டிரம்மைப் பிடித்தவள் நான், இதைப் பிடிக்க மாட்டேனா? அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அண்ணி, எனக்கும் அதே மாத்திரதான் குடுக்கிறாங்க. எனக்காக பொய் சொல்லாத. வருதா?"

அவள் கீரைக்காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரல அமுலு" என்றாள். பிறகு, "அன்னிக்கும் வரல" என்றாள்.

"என்னிக்கு?"

"என்னிக்குமே வரல. உங்க அண்ணன் கேக்கசொல்ல, இல்லன்னு சொன்னா அந்தாளு மூஞ்சி சுருங்கிப்பூடும். நீ வேற வருதுன்னு சொன்ன. செரி, நமக்குத்தான் மூக்கு அடைச்சிகினு கீதுன்னு இருந்துட்டேன்."

"எனக்கும் வரல அண்ணி."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்போ யாருக்குமே வரலியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவருக்கு வந்ததா என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை.

மறுநாள் காலை அண்ணிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அந்த கேப்சூலை நிறுத்திவிட்டு வேறு ஒன்றைச் சேர்த்தார். பக்கத்து அறையில் மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார். அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, யாராவது டிரைவர் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அந்த டாக்டரம்மா, "உங்களுக்குப் பைத்தியம் இல்ல, இது மருந்தோட வேலை, ரெண்டு மூணு வாரத்துல போயிடும்" என்றார்.

போயிடும் என்கிறார்களே, போனால் என்ன அர்த்தம்? இதுதான் அண்ணா, நான் உனக்குச் சொல்ல வந்தது. அந்த மூன்று வாரமும் வாடை போகக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். மாத்திரையை மாற்றிய பிறகும் வாடை இருந்தால் அது கம்பெனி வாடை. அது போய்விட்டால் மாத்திரை வாடை. மாத்திரை வாடை என்றால் உனக்கும் ஒரு கேப்சூலை மாற்றியிருந்தால் போதும். மீதி மாத்திரையைச் சந்தேகமில்லாமல் விழுங்கியிருப்பாய். இன்றைக்கு உன் வீட்டில் இருமலில்லாமல் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

முதல் வாரம் தினமும் வந்தது. இரண்டாவது வாரம் சில நாள் வந்தது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க வரவில்லை. காற்றுத் திசை மாறிவிட்டது என்று நினைத்து வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். புகை வழக்கம்போல நம் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. டீசல், தார், புழுதி, எல்லா வாடையும் வந்தது. அது மட்டும் இல்லை. அப்படியானால் உனக்கு வாடை நின்றதும் மனுவால் இல்லை, நீ மாத்திரையைப் பரணில் போட ஆரம்பித்ததால்தான். எடைமேடை அறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். குணமானதற்கு யாராவது அப்படி அழுவார்களா?

இதைப் படிக்கிற கம்பெனி ஆள் யாராவது இருந்தால், "பார்த்தீங்களா, எல்லாம் மாத்திரை வாடை" என்று கிளம்பிவிடுவான். அவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் கண் எரிந்த நாள் எரிந்ததுதான். குழந்தைகள் எடுத்த வாந்தி நிஜம்தான். அந்த நாளில் இவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், வாடை வரலை என்று என் அண்ணனிடம் சொல்ல எனக்கு நாக்கு வந்திருக்கும். அவர்களை நான் விடுவதாக இல்லை. ஆனால் அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் கை கழுவவும் முடியாது.

கலா சிஸ்டர்தான் எனக்கும் மாத்திரை கொண்டுவருகிறார். போன வாரம் அவர் கையைப் பிடித்து, அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் தோள் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு, "நானும் அன்னிக்கு விட்டிருக்கக் கூடாதுங்க. நீங்க எல்லாரும் அவ்ளோ அடிச்சுச் சொன்னதும், வாசல் தாண்டறப்ப எனக்கே வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

தெருவே உன் பக்கம் நின்றோம் அண்ணா. நீ மட்டும் அந்த வாடைக்குள் தனியாக இருந்திருக்கிறாய். எங்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எனக்கு வரலை என்று சொல்லியிருந்தால் நீ சண்டைக்கு வந்திருப்பாய். வந்திருக்கட்டும். அந்தச் சண்டையை நான் போட்டிருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பெண்ணுக்குப் போன வாரம் அதே கேப்சூலை ஆரம்பித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். போகிறேன். அவள் புருஷன், மாமியார் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவேன். அவளுக்கு ஏதாவது வாடை வந்தால், ஏதாவது குரல் கேட்டால், எனக்கு வராததை வருது என்று சொல்ல மாட்டேன். அவள் முகம் சுருங்கினாலும் சரி, என்னைக் கம்பெனி ஆள் என்று வாசலோடு துரத்தினாலும் சரி, மறுநாளும் போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
எல்லாவற்றுக்கும் உன்னோடு மல்லுக்கட்டி, அதற்கு மட்டும் ஆமாம் போட்ட உன் தங்கச்சி,
அமுலு